ஸ்வான்சீ மாவு மில் இடிந்து விழவில்லை, இடிக்கப்பட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழைய கட்டடங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், 'கான்கிரீட் ஐம்பது வருஷம் தாங்கினாலே பெரிது, அதைப் போய்ப் பாரம்பரியச் சின்னம் என்று காப்பாற்ற என்ன இருக்கிறது' என்ற தொனியில் ஒரு பத்தி வருகிறது. அதற்கு உதாரணமாக வேல்ஸின் ஸ்வான்சீ துறைமுகத்தில் இருந்த வீவர் மாவு மில்லைக் காட்டியிருப்பதுதான் நெருடுகிறது. 1897-98-ல் கட்டிய மில்லை இடித்தது 1984-ல். கட்டுரையாளர் சொன்ன ஐம்பதைத் தாண்டி முப்பது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது. நடுவே 1941 பிப்ரவரியில், மூன்று இரவுகள் தொடர்ந்து விழுந்த ஜெர்மன் குண்டுகளில் ஸ்வான்சீ நகரின் மையப் பகுதியே நாசமானது. அதையும் மில் பார்த்துவிட்டது.

மாவு மில்லுக்குப் போய் ஏன் அந்தக் காலத்திலேயே கான்கிரீட் என்பதைக் கட்டுரை தொடவில்லை. காரணம் தீ. காற்றில் பறக்கும் மாவுத் தூசு ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 1872-ல் கிளாஸ்கோவின் டிரேட்ஸ்டன் மில்லில் தானியம் விழுவது நின்று, அரைகல்லோடு அரைகல் உரசிப் பொறி பறந்தது. வெடிப்பில் 18 பேர் இறந்தார்கள். மரத் தளம் பற்றி எரியும் என்று இரும்புக்கு மாறினால், மூடாத இரும்பு உத்தரம் சூட்டில் வளைந்துவிடும். வார்ப்பிரும்புத் தூணோ, சூடேறியிருக்கும்போது தண்ணீர் பீய்ச்சினால் விரிசல் விட்டுவிடும். இரும்பைக் கான்கிரீட்டுக்குள் ஒளித்து வைத்தால் என்ன என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா ஹென்னபீக். 1892-ல் காப்புரிமை வாங்கினார்.

அவருடைய பீமை, அதாவது உத்தரத்தை, இன்றைக்கு நம் சைட்டில் வேலை பார்க்கும் கம்பி கட்டுபவரிடம் காட்டினால் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார். அடியில் உருண்டைக் கம்பிகள். அவற்றில் சில, தூணை நெருங்கும்போது சாய்வாக மேலே ஏறும். நாம் அந்தக் கம்பிகளைச் சுற்றி வளையமாக ரிங் கட்டும் இடத்தில் அவர் பட்டை இரும்பை U வடிவில் வளைத்துச் செருகியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். தூண், பீம், தளம் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே உடம்பாக இருக்கும்படி வார்த்ததுதான் பெரிய விஷயம். அப்புறம் சுவர் பாரம் சுமக்க வேண்டியதில்லை. ஜன்னலைப் பெரிதாக வைக்கலாம்.

இந்த முறையை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தவர் லூயி குஸ்தாவ் மூஷெல். அவரும் பிரெஞ்சுக்காரர், ஸ்வான்சீக்குப் பக்கத்தில் பிரிட்டன் ஃபெர்ரி என்ற ஊரில் இருந்தவர். மில்லுக்கான சிமென்ட்டும் கம்பியும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தன. இரும்புத் தொழிலுக்குப் பேர் போன வேல்ஸுக்குக் கடல் தாண்டிக் கம்பி வந்தது வேடிக்கைதான். ஆனால் பிரிட்டனில் அதற்கு முன் இப்படி ஒரு பல மாடிக் கட்டடத்தை யாரும் எழுப்பியிருக்கவில்லை. தெரிந்த சரக்கை வைத்தே வேலை பார்க்க நினைத்திருப்பார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சரி, அப்படியானால் ஏன் இடித்தார்கள்? துறைமுகத்தின் அந்தப் பகுதியைத் தூர்த்து வெகு காலம் ஆகியிருந்தது. மில்லுக்கு வேலை இல்லை, மனைக்கு வேலை இருந்தது. இப்போது அங்கே சூப்பர் மார்க்கெட். மில் தூணின் ஒரு துண்டை டாவ் ஆற்றங்கரையில் நினைவுக்காக வைத்திருக்கிறார்கள். கான்கிரீட்டின் ஆயுளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகம் இருந்தால் நியூகாஸிலைப் பார்க்கலாம். அங்கே டைன் ஆற்றுத் துறையில் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்துக்காக, இதே ஹென்னபீக் முறையில் 1900 வாக்கில் கட்டி முடித்த கிடங்கு இன்றும் நிற்கிறது. இப்போது ஓட்டலாக நடக்கிறது, அறை எடுத்துத் தங்கலாம். ஸ்வான்சீ மில்லை எழுதியவர் இதை விட்டது ஏன் என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். வீவர் மில்லை 'உலகின் முதல் கான்கிரீட் மில்' என்று படக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் முதல் என்றால் சரி. பிரான்சின் டூர்க்வான் நகரில் ஹென்னபீக்கே 1895-ல் ஒரு நூற்பு மில் கட்டிவிட்டார்.

– ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி