எங்கள் கழித்தல் குறி எங்கே?

அச்சுப்பொறிக்குள் இயங்கும் மென்பொருளை எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோத்த நாற்பது பக்கக் கணக்கு விடைத்தொகுப்பு ஒன்றை உங்கள் பொறியில் அச்சிட்டேன். திரையில் விடை −3. தாளில் வெறும் 3. குறி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன இடைவெளி இருந்தது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தும் மையின் சுவடுகூட இல்லை. மெய்ப்பைத் திரையிலேயே பார்த்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. சரியாகப் போட்ட கணக்கைத் தவறென்று அடித்துவிட்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்த மாணவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியும். எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு. லாடெக் வழக்கமாகப் பயன்படுத்தும், கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் வடிவமைத்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக் குடும்பத்தின் கணிதக் குறி எழுத்துருவில் கழித்தல் குறி 0ஆம் இடத்தில் இருக்கிறது. உங்கள் பொறி அந்த 0ஐ வெற்றுக் குறியென்று எண்ணி விழுங்கிவிடுகிறது. அதே குடும்பத்தின் உரை எழுத்துருவில் ஆங்கில எஃப், ஐ சேர்ந்த கூட்டெழுத்து 12ஆம் இடத்தில் இருக்கிறது; பொறிக்கோ 12 என்றால் பக்கத்தை வெளியே தள்ளு என்று பொருள். ஒரு சொல்லின் தலை ஒரு தாளிலும் வால் அடுத்த தாளிலும் வந்து விழுந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான்: 0 முதல் 255 வரை ஒவ்வொரு குறியீட்டெண்ணையும் உங்கள் பொறி என்ன செய்கிறது என்ற முழு அட்டவணையை வெளியிடுங்கள்.

அது இல்லாததால் நானே தயாரிக்க உட்கார்ந்தேன். வரிக்கு ஓர் எண்ணாக அனுப்பி, வந்தது, வராதது என்று பென்சிலால் குறித்தேன். 27ஐ அனுப்பியதும் பின்னால் வந்த எழுத்துகளைக் கட்டளையென்று எடுத்துக்கொண்டு பொறி உறைந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி, பாதியில் சிக்கிய தாளை உருவி, 28இலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒரு மாலை முழுவதும் இதிலேயே போயிற்று. உங்கள் மேசையில் ஆயத்தமாக இருக்கும் அட்டவணைக்காக ஏன் ஒவ்வொருவரும் இப்படி மாலைகளை இழக்க வேண்டும்?

இந்த எழுத்துருக்களுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழிக்கான வடிவம் செய்தவர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்து, கீழ் இடங்களில் உள்ள எழுத்துகளுக்கு 161 முதல் மேலே இன்னொரு பிரதி வைத்தார்கள். ‘அடுத்து வரும் இத்தனை பைட்டுகளும் எழுத்துகளே’ என்று அறிவிக்கும் கட்டளை பி.சி.எல். என்ற அச்சுப்பொறிக் கட்டளை மொழியில் இருக்கிறது. அந்த மொழி தெரியும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உங்கள் பொறி, அந்தக் கட்டளையைக் கண்டுகொள்வதே இல்லை. கேட்டதற்கு, பக்கத்தைப் படமாக மாற்றி அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. எழுத்தை அச்சிட வாங்கிய பொறிக்கு எழுத்தையே படமாக்கித்தான் ஊட்ட வேண்டுமா? கையேட்டில் தாள் வைக்கும் முறை எத்தனையோ மொழிகளில் இருக்கிறது. குறியீட்டு அட்டவணைக்கு ஒரு பக்கம் ஒதுக்க மனம் வரவில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணையை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால், நாங்கள் ஏற்றும் எழுத்துருக்களில் 0 முதல் 31 வரை உள்ள இடங்களையும் எழுத்தாகவே அச்சிட வழிசெய்யுங்கள். விடைத்தொகுப்பின் திருத்திய பதிப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சுக்கோப்பாளர்