சிவப்பு முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெல்ஜிய இயக்குநர் ஹாரி கூமெலின் 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' (1971) படத்தைக் கவர்ச்சிப் பேய்ப்படம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பு ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது வருத்தம் தருகிறது. படத்தில் காமம் உண்டு; வயதுவந்தோருக்கு மட்டுமேயான படம்தான். ஆனால் அந்தக் காமம் படுக்கையில் இருப்பதைவிடப் பேச்சில்தான் அதிகம் இருக்கிறது. ரத்தக்காட்டேரிச் சீமாட்டி பாத்தோரியாக வரும் நடிகை டெல்ஃபின் செய்ரிக் கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுவதில்லை. பழைய சித்திரவதைகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, புது மாப்பிள்ளை ஸ்டெஃபான் கிறங்கிப்போய்த் தானும் சேர்ந்து சொல்கிறான். பக்கத்தில் இருக்கும் மனைவி தாங்கமுடியாமல் தவிக்கிறாள். படத்திலேயே பயங்கரமான காட்சி அதுதான். தொடுகை கொஞ்சம், குரல்தான் எல்லாம்.

சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் கொட்டகை கட்டிய ஊர் கோவை. இங்கும் ஈரோடு, திருப்பூரிலும் இந்தப் படத்தைத் திரையிட நினைக்கும் நண்பர்களுக்குச் சில விவரங்கள். அமெரிக்காவில் வெளியான 87 நிமிடப் பிரதி வேண்டாம். முழுப் படம் 100 நிமிடம். உரிமையோடு வாங்குங்கள். ஆங்கில ஒலித்தடத்தையே போடுங்கள், படம் எடுக்கப்பட்டது ஆங்கிலத்தில்தான். செய்ரிக்கின் சொந்தக் குரலும் அதில் கிடைக்கும். ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தடம். பல பக்கமும் ஒலிபெருக்கி பேசும் சரவுண்டில் வைத்தால் மண்டபத்தில் எதிரொலித்து அவர் கிசுகிசுப்பது கேட்காமல் போகும்.

படச்சட்டத்தின் அகல, உயர விகிதம் 1.66:1. பத்தடி அகலமுள்ள 16:9 திரையில் இருபக்கமும் நான்கு அங்குலம் கறுப்பாகத் தெரியும். அதை மறைக்க ஜூம் செய்தால் மேலும் கீழுமாக நாலரை அங்குலம் படம் போய்விடும். முதலில் அடிபடுவது பழைய ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிச்சை நினைவூட்டும் சீமாட்டியின் பொன்னிறக் கூந்தல் அலைதான். இழுத்து நிரப்பினாலோ முகம் அகன்றுவிடும்.

இனி சிவப்பு. காட்சிகள் முடியும்போது பல இடங்களில் திரை கறுப்பாக மங்காமல் முழுச் சிவப்பாகிறது. புரொஜெக்டர் 'டைனமிக்' முறையில் இருந்தால் பச்சை தூக்கலாகி அந்தச் சிவப்பு செங்கல் நிறமாகும். தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 'ஆட்டோ ஐரிஸ்' இயங்கினால் நிறம் மாறும் நேரத்தில் படம் துடிக்கும். 'சினிமா' முறைக்கு மாற்றி, ஐரிஸை அணைத்துவிடுங்கள். சீமாட்டியின் உதட்டுச் சாயமும் அந்தச் சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தால்தான் படம் பேசுகிறது.

முன்னுரையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நம் ஊர்ப் பேய்க்கு இரும்பும் வேப்பிலையும் எப்படியோ, ஐரோப்பிய ரத்தக்காட்டேரிக்கு ஓடும் தண்ணீர் அப்படி. இது தெரியாவிட்டால் சீமாட்டியின் தோழி இலோனா குளியலறையில் ஷவரைக் கண்டு அலறும்போது அரங்கம் சிரித்துவிடும். அடுத்து நடப்பதன் கனமும் போய்விடும். உண்மையான எலிசபெத் பாத்தோரி 1614-ல் இறந்த ஹங்கேரியச் சீமாட்டி என்பதையும், கன்னியர் ரத்தத்தில் குளித்தாள் என்ற கதை அச்சேறியது 1729-ல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

புரொஜெக்டர் சோதனைக்குப் படத்தின் தொடக்கமே போதும்: ரயில் பெட்டி, புதுமணத் தம்பதி, நீல வெளிச்சம். அதில் உடல்களின் விளிம்பு கறுப்பில் கரைந்தால் 'பிரைட்னஸ்' குறைவு. கறுப்பு சாம்பலாக வெளுத்தால் பிரைட்னஸ் கூடுதல், அல்லது ஜன்னல் வழியே வெளிச்சம் வருகிறது. பொழுது சாய்ந்த பிறகு, மண்டபத்து டியூப் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர்கள்,
பீளமேடு, கோவை.