நாள் குறித்துப் போகும் வேலை

கொட்டாரம்

அன்பு மகளுக்கு,

உன் வீடு சுத்தம் செய்யும் தொழிலைப் பற்றி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம்; ஆனால் பேச்சென்றால் நான் பாதியில் வேறெங்கோ போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும், ஆகவே எழுதுகிறேன். சித்திரையிலும் ஆவணியிலும் தையிலும் புது வீடுகளைப் பால்காய்ப்புக்காகக் கழுவித் துடைக்க ஆள் போதாமல் தவிக்கும் நீ, ஆடியும் மார்கழியும் வந்தால் உன்னை நம்பியிருக்கும் பெண்களுக்குக் கூலிக்கு என்ன வழி என்று யோசிக்கிறாய். பால்காய்ப்பு வேலையில் மொத்தமாகப் பணம் வருவது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காரர் உன்னை மறுபடி அழைக்க வேண்டுமென்றால் அவர் இன்னொரு வீடு கட்ட வேண்டும்! அவர்கள் கூப்பிடும்போது போகிற வேலையைக் குறைத்து, நீயே நாள் குறித்துப் போகிற வேலையைக் கூட்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

அதற்கு நீ இருக்கும் மார்த்தாண்டத்தைவிட வாய்ப்பான ஊர் இல்லை. கருங்கல், அருமனை, மேல்புறம், களியக்காவிளை என்று எந்தப் பக்கம் போனாலும், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் கட்டிப் பூட்டிப் போட்ட வீடுகளைப் பார்க்கிறாய். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பூட்டிய வீடு காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. வளைகுடாவில் பள்ளிக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில், இங்கே மழை ஓயாத நேரத்தில்தான் அவர்கள் குடும்பத்தோடு வந்து கதவைத் திறக்கிறார்கள். மெத்தையில் பூசணம், அலமாரிக்குப் பின்னால் கரையான், குளியலறையில் சாக்கடை நாற்றம். அந்த நாற்றத்துக்குக் காரணம் பலருக்குத் தெரியாது. தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, கீழிருந்து வரும் வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது; மாதக்கணக்கில் குழாயைத் திறக்காவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்கிற காரியம் இது.

ஆகவே அவர்களிடம் ‘வீடு சுத்தம் செய்கிறோம்’ என்று சொல்லாதே; ‘மாதத்துக்கு ஒரு நாள் வந்து சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுவோம், எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் விடுவோம், மோட்டாரைச் சற்று நேரம் ஓட்டுவோம், மொட்டை மாடியில் தண்ணீர் போகும் வழியை அடைத்திருக்கும் சருகை அள்ளுவோம்’ என்று சொல். சருகு அடைத்தால் மாடியில் தண்ணீர் நிற்கும், கூரை ஒழுகும், டெங்குக் கொசு முட்டையிடும். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைச் சொன்னாலே புரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அறை அறையாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சாவி பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொந்தக்காரர் கையில்தான் இருக்கும். அவரைக் கூட வைத்துத்தான் திறக்க வேண்டும், வாங்கிய நேரத்தையும் திருப்பிக் கொடுத்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவருக்கு உன்மேல் நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த மூன்று வீட்டுச் சாவியும் அவர் மூலமாகவே வரும். நோட்டீஸ் அடிக்கும் செலவு உனக்கு மிச்சம்.

கன்னியாகுமரி விடுதிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். விடுதி மேலாளராக இருந்த காலம் முழுவதும் நான் வேலை கொடுக்கும் பக்கம் நின்றவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டு வருபவரை மேலாளர் நம்புவதில்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்களும் சுற்றுலாக்காரர்களும் நிரம்பி வழிவார்கள். சூரிய உதயம் பார்த்துவிட்டு வந்து ஒரு கூட்டம் அறையைக் காலி செய்ய, மதியத்துக்கு முன்பே அடுத்த கூட்டம் பெட்டியோடு வந்து நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு பெண் வரவில்லை என்றால் மாற்று ஆள் யார் என்பதுதான் மேலாளரின் கவலை. ஆகவே விலையைப் பேசுவதற்கு முன் மாற்று ஆள் இருப்பதைச் சொல். அதே சமயம் எல்லாப் பெண்களையும் ஒரே விடுதியில் போட்டுவிடாதே, பருவம் முடிந்ததும் ஆளைக் குறைப்பது அவர்கள் வழக்கம்.

பல் மருத்துவமனைகளும் சிறிய கிளினிக்குகளும் நல்ல வாடிக்கைதான், இரவு கடை அடைத்த பிறகு ஒரு மணி நேர வேலை. ஆனால் மஞ்சள், சிவப்புப் பைகளில் இருக்கும் மருத்துவக் கழிவை உன் ஆட்கள் மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. அதற்கென்று 2016 ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கச் சொல்லி யார் எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடு, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை அப்படி இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் மறுக்க வேண்டியதுதான். உப்புக்கறை போக வேண்டுமென்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதிலிருந்து குளோரின் வாயு வரும். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு வாரியலைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிக் கொடு.

பணம் இழுத்தடிப்பதைப் பற்றி நீ வருத்தப்பட்டாய். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள், அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்பவன் இடைத்தரகன். பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. ரசீதின் அடியில் பதிவு எண் அச்சடித்திருந்தால் கணக்குப் பிள்ளைகள் உன் ரசீதைக் கட்டின் அடியில் போட மாட்டார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அடுத்த தேதியையும் அந்த ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிடு. ‘தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்’ என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருந்தால் அந்த வாடிக்கை போனது போனதுதான்.

கார்த்திகை பிறப்பதற்கு முன் ஒரு நாள் மருமகனையும் அழைத்துக்கொண்டு வா. கன்னியாகுமரி சன்னதித் தெருப் பக்கம் எனக்குத் தெரிந்த விடுதி மேலாளர்கள் இரண்டு பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால்தான் உட்கார்ந்து பேசுவார்கள். உன் ரசீதுப் புத்தகத்தையும், பூட்டிய வீடுகளில் எடுத்த படங்களையும் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
அப்பா