64 பிட் சர்வருக்கு மாறுவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கீழே கம்பம், கூடலூர், போடியிலும் மலைமேல் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டத்திலும் நம் கணக்கு மென்பொருளை வைத்து ஏலக்காய் வியாபாரம் செய்துவரும் எல்லோருக்கும் இந்த மடல். காய் பறிப்பு ஓய்ந்து, மார்ச் கணக்கும் முடிந்த பிறகு உங்கள் சர்வரை, அதாவது கணக்குத் தரவெல்லாம் இருக்கும் மையக் கணினியை, 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தோம். அதிலிருந்து பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: பிட் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகுமா? ஆகாது. சிலருக்கு அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது. நீங்கள் எந்த வகை என்பதைக் காசு போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில், மெதுவாக இருப்பது எது என்று பாருங்கள். ஒரு பில் போடுவதோ, ஒரு லாட்டைப் பதிவு செய்வதோ யாருக்கும் தாமதமாகவில்லை. போடியிலோ புத்தடியிலோ ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பார்ட்டியின் பழைய வருட லெட்ஜரையோ, ரகவாரி இருப்பையோ, இரண்டு மாநில ஜிஎஸ்டி பதிவுக்கும் சேர்த்து ஒரு விற்பனைப் பட்டியலையோ எடுத்தால்தான் திரை அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து மேசையில் பில் போடுகிறவருக்கும் நிற்கிறது.

காரணம் இதுதான். நம் மென்பொருளுக்கு அடியில் ஓடும் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் உங்கள் தரவை டிஸ்கில் 8 கிலோபைட் பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டுமென்றால் அது முதலில் ராமுக்கு, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு, வந்தாக வேண்டும். ராமில் ஏற்கெனவே இருந்தால் சுமார் 100 நானோ நொடியில் கைக்குக் கிடைக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் சாதாரண ஹார்ட் டிஸ்கில், தட்டு ஒரு முறை சுற்றி வரவே 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும். முள் நகரும் நேரம் தனி. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால் ஒரு முறை படித்த பக்கத்தை முடிந்தவரை ராமிலேயே பிடித்து வைத்துக்கொள்ளத்தான் எல்லா டேட்டாபேஸ் மென்பொருளும் பார்க்கும். எவ்வளவு பிடித்து வைக்க முடிகிறதோ அவ்வளவு வேகம்.

இங்கேதான் 32 பிட் குறுக்கே நிற்கிறது. ராமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 கட்டங்களில், எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,29,49,67,296தான், அதாவது 4 ஜிபி. லாட் சீட்டில் எண்ணுக்கு மூன்று கட்டம் மட்டுமே அச்சடித்திருந்தால், 999க்கு மேல் வரும் மூட்டைக்குக் களத்தில் இடம் இருந்தாலும் பதிய முடியாது அல்லவா, அது போலத்தான் இதுவும். அந்த 4 ஜிபியிலும் பாதியை விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது. மீதி 2 ஜிபிக்குள்தான் எஸ்க்யூஎல் சர்வர் தன் நிரல், இணைப்புகள், கணக்கிடும் இடம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். தரவுப் பக்கங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1.6 ஜிபி. 'நாங்கள் 8 ஜிபி ராம் போட்டிருக்கிறோமே' என்று கேட்பவர்கள் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். நீங்கள் வைத்திருக்கும் 32 பிட் விண்டோஸ் 7 அல்லது 10 என்றால், பயன்படும் அளவு 4 ஜிபிக்கும் குறைவாகத்தான் காட்டும். மீதி ராம் பெட்டிக்குள் சும்மா இருக்கிறது.

இதற்கு ஒரு மாற்றுவழி அந்தக் காலத்தில் உண்டு. ஏடபிள்யூஇ என்ற ஏற்பாட்டின் மூலம், சர்வருக்கான விண்டோஸில், 4 ஜிபிக்கு மேலுள்ள ராமையும் எஸ்க்யூஎல் சர்வர் தொட முடிந்தது. ஆனால் அங்கே தரவுப் பக்கங்களை மட்டுமே வைக்க முடியும். வரிசைப்படுத்துவது, இரண்டு அட்டவணைகளைச் சேர்ப்பது போன்ற கனமான வேலைகளுக்கு அந்த இடம் உதவாது. உங்கள் ரகவாரி அறிக்கை முழுக்க முழுக்க அந்த வேலைதான். எஸ்க்யூஎல் சர்வர் 2012 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அந்த வழியையும் எடுத்துவிட்டது.

64 பிட்டில் இந்த நெருக்கடியே இல்லை. ஏஎம்டி நிறுவனத்தின் முதல் 64 பிட் பிராசசர்களே முகவரிக்கு 48 பிட்டைப் பயன்படுத்தின. அதுவே 256 டெராபைட். நம் ஊரில் யாருடைய கணக்கும் அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. 16 ஜிபி ராம் போட்டால், விண்டோஸுக்குத் தேவையானது போக மீதி முழுவதும் உங்கள் தரவுக்கு. காலையில் முதல் ஆள் எடுக்கும் அறிக்கைக்கு டிஸ்கிலிருந்து வர வேண்டியிருக்கும். அதன்பிறகு அன்று முழுவதும் ராமிலிருந்தே வரும். வரிசைப்படுத்தும் வேலையும் டிஸ்கில் தற்காலிகக் கோப்பு எழுதாமல் ராமுக்குள்ளேயே முடியும். வேகத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் கிடைக்கிறது. பிராசசருக்குள் கணக்குப் போடும் எண்களை வைக்கும் இடங்களான ரெஜிஸ்டர்கள் 8லிருந்து 16 ஆவதும், ரூபாய்த் தொகையை வைக்கும் 8 பைட் எண்ணை ஒரே கட்டளையில் கூட்ட முடிவதும் உண்மைதான். ஆனால் அவற்றால் கிடைப்பது கொசுறு.

பிராசசரை மாற்ற வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். இன்டெல் 2001இல் கொண்டுவந்த இட்டானியம் என்ற 64 பிட் பிராசசர் பழைய நிரல்களை மெதுவாகத்தான் ஓட்டியது. 2003 ஏப்ரலில் ஏஎம்டி கொண்டுவந்த ஆப்டெரான் பழையதையும் அதே வேகத்தில் ஓட்டி, 64 பிட்டையும் தந்தது. அடுத்த ஆண்டே இன்டெலும் அந்த வழிக்கு வந்தது. கடந்த பதினைந்து வருடத்தில் நீங்கள் வாங்கிய டெஸ்க்டாப் ஏறக்குறைய எல்லாமே 64 பிட்தான். அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் விண்டோஸ்தான் 32.

சரி, இப்போது யாருக்குப் பயன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். உங்களில் பலர் வைத்திருப்பது எஸ்க்யூஎல் சர்வரின் இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பு. அதன் புதிய 64 பிட் பதிப்பும் தரவுக்கு 1410 எம்பி ராம்தான் எடுத்துக்கொள்ளும். அது மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பு. ராமை 32 ஜிபி ஆக்கினாலும் அது மாறாது. உங்கள் டேட்டாபேஸ் கோப்பு 1 ஜிபிக்குள் இருந்தால், அது ஏற்கெனவே முழுசாக ராமில் அடங்கிவிடுகிறது. வேகத்துக்காக நீங்கள் ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லை. கோப்பு 4, 5 ஜிபி வளர்ந்திருந்து எக்ஸ்பிரஸிலேயே தொடர விரும்பினால், ராமைவிட எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்குக்கு, போடும் பணம்தான் பலன் தரும். வேறு கடையில் ராம் வாங்கச் சொன்னார்கள் என்று அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். முதலில் எங்களைக் கூப்பிட்டு உங்கள் கோப்பின் அளவைச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்பு வைத்து, பல மேசைகளில் வேலை நடக்கும் பெரிய கடைகளுக்குத்தான் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

64 பிட்டுக்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு முகவரியும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் பிடிக்கும். அதனால் அதே வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் ராம் போகும். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் 64 பிட் போட்டால் முன்னைவிட மந்தமாகக்கூட ஆகலாம். 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் நாங்கள் மாற்றித் தர மாட்டோம்.

அப்புறம், நின்றுபோகக்கூடிய சாமான்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ மென்பொருளில் போட்ட பழைய கணக்கை இன்னும் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் எதுவும் ஓடவே ஓடாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும், எடைத் தராசைக் கணினியோடு இணைக்கும் கார்டுக்கும் 64 பிட் டிரைவர், அதாவது அந்தச் சாமானை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல், வேண்டும். சிலவற்றுக்கு அது வரவே இல்லை. அப்படிப்பட்ட சாமான் இருந்தால், பழைய கணினி ஒன்றை நெட் இணைப்பு இல்லாமல் அதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளலாம். மற்ற மேசைக் கணினிகளில் இருக்கும் நம் மென்பொருள் 32 பிட்டாகவே இருக்கலாம். அது சர்வரோடு கேபிள் வழியாகத்தான் பேசுகிறது, சர்வர் எத்தனை பிட் என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

மலைமேல் இருப்பவர்கள் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது. எல்லாம் ராமில் இருந்தால், மழைக்காலத்தில் கரண்ட் போனதும் பில் போய்விடுமா? போகாது. நீங்கள் சேவ் அழுத்தியதும், அந்த மாற்றம் முதலில் டிஸ்கிலுள்ள லாக் கோப்பில் எழுதப்படுகிறது. அது எழுதி முடிந்த பிறகுதான் 'பதிவானது' என்று திரையில் வரும். கரண்ட் வந்து சர்வர் எழும்போது லாக்கைப் படித்து, விட்ட இடத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். 32 பிட்டிலும் இப்படித்தான், 64 பிட்டிலும் இப்படித்தான். ஆனால் டிஸ்கையே இடி தாக்கினால் லாக்கும் சேர்ந்துதான் போகும். ஆகவே யுபிஎஸ்ஸும், தினசரி பேக்கப்பும், அந்த பேக்கப் வேறு இடத்தில் இருப்பதும் கட்டாயம்.

இப்போதே ஏன் என்றால், எஸ்க்யூஎல் சர்வரில் 32 பிட்டுக்கு வந்த கடைசிப் பதிப்பு 2014. அதற்கான ஆதரவு 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரில் அதை முறையாகப் போட முடியாது. அப்படிப்பட்ட சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் புதுக் கணினி தேவைப்படும்.

32 பிட் விண்டோஸ்மேல் 64 பிட்டை நேராக ஏற்ற முடியாது, டிஸ்கைத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அதனால் உங்கள் பழைய டிஸ்கைக் கழற்றி அப்படியே உங்களிடமே தந்துவிட்டு, புது எஸ்எஸ்டியில் நிறுவுவோம். டேட்டாபேஸ் பேக்கப்பை 64 பிட்டில் நேராக ரீஸ்டோர் செய்யலாம். ஆனால் புதுப் பதிப்பில் ஒரு முறை ஏறிய டேட்டாபேஸைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே ஒரு மாதமாவது அந்தப் பழைய டிஸ்கை யாரும் தொடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு வேலைக்கூலி கிடையாது. ராம், எஸ்எஸ்டி விலை மட்டும் உங்களுடையது, அதையும் பில்லோடு நீங்களே வாங்கித் தரலாம். ஏப்ரல், மே மாதங்களில், 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் முடிந்த பிறகு, உங்களுக்கு ஏலம் இல்லாத நாளாகப் பார்த்து வருவோம். கூப்பிடும்போது கோப்பின் அளவு, ராம் எவ்வளவு, எத்தனை மேசை, பிரிண்டரும் தராசும் என்ன மாடல் என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக் கையில் வைத்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு மென்பொருள் கடையினர்,
கம்பம்.