அலவாங்கை எடுத்துக்கொண்டு போ, மகன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. வயல்களில் விதைப்புத் தொடங்கிவிட்டது. மூன்று கிழமையாக உன்னுடைய போன் கோல் வரவில்லை. வேலை செய்கிற பிள்ளைக்கு நேரம் கிடைக்காது என்று எனக்கு விளங்கும். கோலில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை வாசிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

சாகாமத்துப் பக்கம் ஆறு ஏக்கர் காடு வெட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டாய் என்று அக்கா சொன்னாள். ஏக்கருக்கு இவ்வளவு என்று கொந்தராத்தாம், தைப்பொங்கலுக்கு முதல் முடிக்க வேண்டுமாம். கேட்டதும் பெருமையாக இருந்தது. அப்பா நாற்பது தாண்டித் தொட்ட தொழிலை நீ இந்த வயதில் மண் அள்ளுகிற சொந்த மெசினோடு செய்கிறாய். ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். பிறகு, எப்படிப்பட்ட நிலம் என்று கேட்டேன். "குளத்துக்குக் கிட்டவாம், பன்னும் நாணலுமாம், நடுவில் மரங்களாம்" என்றாள். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

நீ அந்த நிலத்தில் இறங்கி நடந்தாயா மகன்? வரம்பில் நின்று பார்த்ததை நான் கேட்கவில்லை. அலவாங்கை, அந்த இரும்புக் கம்பியை, எடுத்துக்கொண்டு உள்ளே போய், இருபது எட்டுக்கு ஒரு குத்துக் குத்திப் பார்த்தாயா? முழங்கால் அளவுக்குள் கம்பி கெட்டியான தரையில் முட்டினால் அது ஒரு நிலம். முட்டாமல் போய்க்கொண்டே இருந்தால் அது வேறு நிலம், அதற்கு வேறு விலை. இரண்டும் ஒரே உறுதிப் பத்திரத்தில் ஒரே காணியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். முட்டாத இடங்களில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டு. எத்தனை துணி என்று எண்ணிப் பார்த்த பிறகு விலையைப் பற்றிக் கதை.

ஏக்கர்க் கணக்கில் விலை சொல்வது காய்ந்த நிலத்துக்குச் சரி. சுரி நிலத்தில், சேற்றில், மணித்தியாலக் கணக்குத்தான் ஆளைக் காப்பாற்றும். சொந்தக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், முதல் ஒரு நாள் மணித்தியாலக் கணக்கில் வெட்டிப் பார்க்கிறேன், பிறகு மொத்தத்துக்கு விலை சொல்கிறேன் என்று கேள். ஒரு நாளில் எத்தனை பேர்ச்சஸ் போகிறது என்று அள. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். மிச்சக் கணக்கு தானாக வரும். ஒரு நாளைக்குக்கூட ஒத்துக்கொள்ளாத ஆளுக்குத் தன் நிலம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

எழுதிக் கொடுக்கிற துண்டில் இவையெல்லாம் இருக்கட்டும்: மெசினை ஏற்றி வருகிற லோ பெட் லொறி வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் காசு யாருடையது. மழையால் மெசின் சும்மா நிற்கிற நாளுக்கு என்ன. புதைந்தால் இழுக்க வருகிற மெசினின் செலவு யாருக்கு. வேரோடு பிடுங்குவதா, தரையோடு வெட்டிவிடுவதா. வேரோடு பிடுங்கினால் அந்தக் குழி அன்றைக்கே தண்ணீர்க் குழியாகும், அடுத்த நாள் அதற்குள்தான் மெசின் இறங்கும். வெட்டியதை எங்கே குவிப்பது என்பதையும் எழுது. ஈர மரம் எரியாது, குவியல் பங்குனி வரைக்கும் அங்கேயே கிடக்கும், பிறகு அதையும் அள்ளித் தா என்பார்கள். குளத்துக்கு ஒதுக்கிய நிலத்துக்குள் நிற்கிற மருதமரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்காமல் தொடாதே. சொந்தக்காரர் வெட்டச் சொன்னார் என்றால், மெசினில் இருந்தவனைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

உன்னுடைய டயர் மெசினைக் கொண்டுபோய் அதற்குள் இறக்கப் போகிறாய் என்றுதான் எனக்குப் பயம். எட்டுத் தொன் மெசின்தானே, இருபது தொன் சங்கிலி மெசினை விடப் பாரம் குறைவுதானே என்று நினைப்பாய். அப்பா எனக்குச் சொல்லித் தந்ததை உனக்குச் சொல்கிறேன். பாரம் எவ்வளவு என்பதை விட, அது எத்தனை அகலத்தில் நிலத்தைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. இருபது தொன் சங்கிலி மெசின் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ அரைக் கிலோதான் அமத்தும். நீ ஒற்றைக் காலில் நின்றால் அமத்துகிற பாரத்தை விடக் கொஞ்சம்தான் கூட. டயர் மெசின் அதை விடப் பல மடங்கு அமத்தும். அப்பா சுரியில் ஒற்றைக் காலில் நின்று பார்ப்பது விளையாட்டுக்கு இல்லை. கால் புதைந்தால் சங்கிலி மெசினே தென்னங்குற்றி இல்லாமல் அந்த இடத்தில் நிற்காது. டயர் மெசினை நினைக்கவே வேண்டாம்.

ஆகவே சங்கிலி மெசினை வாடகைக்கு எடு. சின்னதாக எடு, அகலச் சங்கிலி போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய மெசின் கெதியாக முடிக்கும், ஆனால் டீசலும் கூடக் குடிக்கும், புதைந்தால் இழுக்க அதை விடப் பெரியது வேண்டும். உன்னுடைய மெசின் மேட்டில் நின்று குவியலை ஏற்றட்டும்.

பத்து அடித் தென்னங்குற்றிகளைக் கம்பி வடத்தால் பாய் மாதிரிப் பிணைத்து வை. மூன்று பாயாவது வேண்டும். மெசின் இரண்டின் மேல் நின்று, பின்னால் விட்டதைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு போகும். அந்தத் தூக்கிப் போடுகிற நேரமும் உன் விலைக்குள் வர வேண்டும். பன் வேரும் நாணல் வேரும் பின்னிக் கிடக்கிற தரையை முதலில் வழித்து எடுத்துவிடாதே, மெசினைத் தாங்குவதே அதுதான். பின்வாங்கிக்கொண்டே வெட்டு. அப்படியென்றால் மெசின் எப்போதும் வெட்டாத தரையில்தான் நிற்கும். ஒரே தடத்தில் இரண்டு தரம் போகாதே. வாளி நிறைய மண்ணோடு பக்கவாட்டில் திரும்பாதே, பாரம் முழுக்க ஒரு பக்கச் சங்கிலியில் விழும்.

இழுவைக் கம்பி கட்டினால் ஒருவரையும் கிட்ட விடாதே. கம்பியின் நீளத்தை விடத் தூரத்தில் நிற்கச் சொல். அது அறுந்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு உன் சின்ன மாமா குனிந்திருந்தபடியால்தான் இன்றைக்கும் இருக்கிறான்.

எல்லாவற்றையும் விட, மாதம். ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வருஷத்து மழையில் பெரும்பங்கு நம்முடைய பக்கத்தில் கொட்டிவிடும். குளம் நிரம்பி நிற்கிறபோது நீ வெட்டுகிற வாய்க்கால் எங்கே வடியும்? இப்போது ஓரத்தால் ஒரு வாய்க்காலை மட்டும் வெட்டிவிட்டுக் கச்சான் காற்று அடிக்கிற வரைக்கும் விடச் சொல். ஆனியில் அதே ஆறு ஏக்கரும் பாதிச் செலவில் முடியும். லீசிங் கொம்பனி அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காது என்று சொல்வாய். தெரியும் மனே.

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு நீங்கள் வந்தபோது மருமகள் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டபடியே நின்றாள். அவ்வளவு வெயிலுக்குள்ளும் எடுக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்.

நடந்து பார் மகன். அலவாங்கோடு நடந்து பார்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். மெசினைத் தாழ்த்த மனிசனின் மனிசியிடமா விலை கேட்பது என்று நினைப்பாய். வீட்டை விட்டுப் போன அன்றைக்கு வாசலில் நின்று, "அப்பாவுக்கு விலை சொல்லத் தெரியாது, அவசரப்பட்டு எல்லாத்தையும் அழித்தார்" என்று சொன்னாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த விலையைச் சொன்னது நான்.

2010 கார்த்திகை. முதலைக்குடாப் பக்கம் எட்டு ஏக்கர், வருஷக்கணக்காக ஆள் இல்லாமல் காடாகிப்போன காணி. அப்பா அலவாங்கோடு போய் நடந்துவிட்டு, இடுப்புவரை சுரியோடு வந்து, "இப்ப செய்ய ஒண்ணா, சித்திரை கழியட்டும்" என்றார். அவர் காணிக்குள் நின்ற நேரத்தில் சொந்தக்காரர் இங்கே வீட்டுக்கு வந்து, எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். நான் கொப்பியைத் திறந்து, ஆயித்தியமலையில் காய்ந்த நிலத்துக்கு எடுத்த விலையைப் பார்த்து, ஏக்கருக்கு 25,000 என்றேன். 60,000 அட்வான்ஸ் தந்தார். அப்பா வருவதற்கு முன் அதைச் சீற்றுக் கடையில் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு வீடு முடியவில்லை, மாப்பிள்ளை வீட்டார் தையில் வருகிறார்கள், எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை டயர் மெசினை இறக்கினார்.

ஆயித்தியமலையில் ஏக்கருக்கு ஒன்பது மணித்தியாலம் போனது. இங்கே முதல் இரண்டு ஏக்கருக்கே 61 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 2,000 வைத்தாலும் 1,22,000. அந்த இரண்டு ஏக்கருக்கும் நான் சொன்ன விலைப்படி நமக்குரியது 50,000. மூன்றாவது ஏக்கரில் மெசின் வயிறுவரை புதைந்து இருந்துவிட்டது. நீ ஓ.எல். சோதனை எழுதிக்கொண்டிருந்த டிசம்பர் அது, உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மண்முனையில் அப்போது பாலம் இல்லை. இழுக்க வந்த மெசின் பட்டிருப்பால் சுற்றி வர வேண்டியிருந்தது, அதற்கு வேறு வாடகை. என் கைச் சோடிக் காப்பு அதில் போனது, திரும்பி வரவில்லை. கம்பி அறுந்தது. ஜனவரியில் வெள்ளம் வந்தது. எஞ்சினுக்கு மேலால் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது.

கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்றார். உனக்கும் அதைத்தான் சொன்னார். சாகும்வரை சொன்னார். நான் மறுக்கவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் அவளால் இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஊர் என்னைச் சொல்லிவிடும் என்ற பயம்தான் மற்றப் பாதி. நீ அப்பாவோடு கதைக்காமல் இருந்த ஐந்து வருஷத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வசனம் போதும், எல்லாம் மாறியிருக்கும். வாய் வரவில்லை மகன்.

அட்வான்ஸ் வாங்கிவிட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. வாங்கியிருந்தால், எதற்குக் கொடுத்தாய் என்றும் கேட்கப் போவதில்லை. திருப்பிக் கொடுக்க எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல். வெள்ளைப் பசுவையும் கன்றையும் கேட்டு ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மெசின் இறக்குகிற நாளைச் சொல். அதற்கு முதல் நாள் மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு வந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறுகிறேன். பஸ் நிலையத்தில் வந்து நில். அப்பாவின் அலவாங்கைக் கொண்டு வருகிறேன். அதில் முழங்கால் உயரத்துக்கு அவர் வெட்டிய அடையாளம் இன்னும் இருக்கிறது. கொப்பியும் வரும். 2010 பக்கத்தில் இருப்பது என்னுடைய எழுத்து, பார்த்தால் தெரியும்.

மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

அம்மா