சுரங்கப் பணத்தை வருமானம் என்று எழுதாதீர்கள்

அரசுகளின் வரவுசெலவுத் திட்டங்களைத் தயாரிக்கும் நிதித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனம் தன் கட்டடத்தை விற்றுவிட்டு, வந்த தொகையை அந்த ஆண்டின் லாபமாகக் காட்டினால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்திட மாட்டார். எண்ணெயும் நிலக்கரியும் தாதுவும் விற்று வந்த பணத்தை அரசு வருவாய்க் கணக்கில் எழுதும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. பூமிக்கடியில் இருந்ததும் சொத்துதான். எடுத்த டன் திரும்ப வராது.

முழுவதையும் சேமியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் சலா எல் செராஃபி 1989இல் ஒரு கணக்கு கொடுத்தார். வளம் இன்னும் எத்தனை ஆண்டு வரும், வட்டி எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால் போதும். இருபது ஆண்டில் தீரக்கூடிய சுரங்கம், 5 சதவீத வட்டி என்று வையுங்கள். செலவு போக மிஞ்சும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூலதனம், அதைத் தொடக்கூடாது. ஐந்தே ஆண்டு மிச்சம் என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு மூலதனம். வளம் தீரத் தீர ஒதுக்க வேண்டிய பங்கு கூடிக்கொண்டே போகும். நடைமுறையில் நடப்பது நேர்மாறு: சுரங்கம் வற்றும் காலத்தில்தான் அரசுக்குப் பணமுடை வருகிறது, எல்லாவற்றையும் செலவழிக்கிறது.

அந்தப் பங்கைச் சேமிக்கத் தனி நிதி தொடங்கிவிட்டால் மட்டும் போதாது. 1970களில் பாஸ்பேட் விற்று உலகின் பணக்கார நாடுகளுள் ஒன்றாக இருந்த பசிபிக் தீவு நாடான நவுருவிடமும் அப்படியொரு நிதி இருந்தது. தவறான முதலீடுகளிலும் அன்றாடச் செலவிலும் அது கரைந்துபோனது. தீவின் நடுப்பகுதியோ தோண்டிய பாறைக்காடாகக் கிடக்கிறது. நார்வே 1990இல் எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கும் நிதிக்கான சட்டத்தை இயற்றி, 1996இல் முதல் தொகையைச் செலுத்தியது. அதைக் காத்தது 2001இல் வகுத்த செலவு விதி: விலைவாசி உயர்வு போக நிதி ஈட்டும் என்று எதிர்பார்க்கப்படும் தொகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே வரவுசெலவுத் திட்டத்துக்கு வரும். முதலில் நிதியில் 4 சதவீதமாக இருந்த அந்த அளவை 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். அரசியல் நெருக்கடிக்கு நடுவில் எண்ணைக் குறைக்கும் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மீனும் காடும் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்பவை. அதனாலேயே அவற்றின் கணக்கு இன்னும் ஏமாற்றும். யாரும் நுழையலாம் என்ற கடலில், லாபம் முழுவதும் கரையும்வரை படகுகள் சேர்ந்துகொண்டே இருக்கும் என்று 1954இலேயே பொருளியலாளர் ஸ்காட் கார்டன் விளக்கினார். எரிபொருள் மானியம் அந்த எல்லையையும் தாண்டித் தள்ளிவிடுகிறது; நட்டத்தில் ஓட வேண்டிய படகு உங்கள் பணத்தில் ஓடுகிறது. கனடாவின் கிழக்கே நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் வளம் குலைந்து, 1992இல் அதைப் பிடிக்கக் கனடா தடை விதித்தபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். வடபகுதிக் காட் மீன்மீதான தடை நீங்க 2024 ஆயிற்று.

கடல் ஒரே உரிமையாளரிடம் இருந்தால் தப்பிக்குமா? எப்போதும் அல்ல என்று 1973இல் கணிதவியலாளர் காலின் கிளார்க் காட்டினார். நீலத் திமிங்கலம் போல மெதுவாகப் பெருகும் உயிரை முழுவதும் பிடித்து விற்று, பணத்தை அதிக வட்டிக்குப் போடுவதே லாபமாக இருக்கக்கூடும். உங்கள் மேசையில் தேர்ந்தெடுக்கும் தள்ளுபடி விகிதம், அதாவது நாளைய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், ஓர் இனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தயவுசெய்து அதை வெறும் தொழில்நுட்ப எண்ணாகப் பார்க்காதீர்கள்.

வளத்தின் உபரியை எந்திரத்திலும் கல்வியிலும் போட்டால் ஈடாகிவிடும் என்ற வாதம் தாதுவுக்கு ஓரளவு பொருந்தும். நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற, நாடுகளின் உற்பத்தியையும் வருமானத்தையும் அளக்கும் புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளம் தீர்வதை உற்பத்திச் செலவாகவே கொள்கிறது. ஆகவே வழிமுறை இல்லை என்ற பதிலை இனி ஏற்க முடியாது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தோடு ஒரு பக்கம் இணையுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பு, எடுத்தது, புதிதாகக் கண்டறிந்தது அல்லது தானே வளர்ந்தது, மிச்சம், அதற்கு ஈடாகச் சேர்த்த முதலீடு ஆகியவை அதில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைப் பொதுமக்கள் பார்வைக்கும் வையுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு குடிமகள்