232 அல்ல, 2-இன் அடுக்கு 32

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், “232+1 பகா எண் அல்ல என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்” என்று அச்சிட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி உடனே நோட்டை எடுத்தாள். 233-ஐ 2, 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துவிட்டு, “தாத்தா, எதுலயும் மீதியில்லாம போகலையே, ஆய்லர் தப்பா சொல்லிட்டாரா?” என்றாள். அவள் கணக்கு சரி. 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்தான் 233. 2-இன் தலைமேல் சின்னதாக நிற்க வேண்டிய 32, உங்கள் அச்சில் பக்கத்திலேயே இறங்கிவிட்டது.

32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டிக் கணித மேதை ஆய்லர் எடுத்த எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அது சரியாகவும் இருந்தது. அடுத்ததிலேயே உடைந்தது. உடைத்தது 641. ஆய்லர் எடுத்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-இன் மடங்கோடு 1 கூட்டினால் வருவதாகத்தான் இருக்க முடியும். அதனால் 193, 257, 449, 577 என்று நாலே பகா எண்களைத் தாண்டினால் ஐந்தாவதாக 641 வந்து நிற்கும். இவ்வளவு அழகான விஷயத்தை ஒரு அச்சுப்பிழை விழுங்கிவிட்டதே என்பதுதான் என் ஆற்றாமை.

முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வருடா வருடம் ஆய்லரின் எண்ணை 641-ஆல் வகுக்கும் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்வேன். 6, 7 என்று ஈவு வந்ததும் மீதி 2 நிற்கும். 6-ஐ இறக்கினால் 26, போகாது. 7-ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது. அங்கே இரண்டு பூஜ்ஜியம் போட மறந்து 67417 என்று எழுதாத பிள்ளை அபூர்வம். திருத்திக்கொண்டு 6700417 என்று முடித்து, கடைசியில் மீதி பூஜ்ஜியம் விழும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் ஐயா!

இது முதல் முறையும் அல்ல. இரண்டு வருடம் முன்பு ‘பகா எண்’ வர வேண்டிய இடத்தில் ‘பகு எண்’ என்று வந்தது. ஓர் எழுத்துதான், ஆனால் பொருள் தலைகீழ் என்பது நீங்கள் அறியாததல்ல. அஞ்சலட்டை போட்டேன், பதில் இல்லை. வேறொரு வாரம், நூறு கோடியாக இருக்க வேண்டிய ஒரு பில்லியன் பத்துக் கோடி ஆகியிருந்தது. அதற்கும் எழுதினேன். கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த ரன் ஒன்று குறைந்துவிட்டால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். கணக்குக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? நாற்பது வருட வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அடுக்கை மேலே ஏற்றி அச்சிட வசதி இல்லையென்றால் ‘2-இன் அடுக்கு 32’ என்று எழுத்திலேயே எழுதிவிடலாம். பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறாள். திருத்தத்தையும் அதன் கீழே ஒட்ட இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்